திகன முதல் ஹசலக வரை: ஒரே வீதியில் இரண்டு தடைகள்

கண்டியில் மஹியங்கனை பஸ்ஸில் ஏறினால் குண்டசாலை தாண்டி முதலில் திகன வரும், அப்புறம் தெல்தெனிய. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது, இப்போது இருப்பது புதிதாகக் கட்டிய நகரம். அங்கிருந்து ஏற்றம் தொடங்கி ஹுன்னஸ்கிரியப் பக்கம் போகப் போகக் குளிரும். பிறகு பதினெட்டு வளைவு. காது அடைத்துக்கொண்டு இறங்கி முடிந்ததும் வெயில் முகத்தில் அடிக்கும், மலையின் அடிவாரத்தில் ஹசலக வந்திருக்கும். திகனவும் ஹசலகவும் கண்டி மாவட்டம்தான்.

இந்த ஒரு வீதியில், 15 மாதங்களுக்குள், பேச்சுரிமை தொடர்பான இரண்டு சம்பவங்கள் நடந்தன. 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது அரசாங்கம் நாடு முழுவதும் சமூக ஊடகங்களை முடக்கியது. 2019 மே மாதம் உடுப்பில் இருந்த ஒரு சக்கரப் படத்துக்காக ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். முதலாவதைக் கலவரக் கதையாகவும் இரண்டாவதைப் பொலிஸ் அத்துமீறலாகவும் தனித்தனியே பேசிவிட்டு விடுகிறோம். நான் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். ஓர் அரசாங்கம் எப்போது ஒருவரின் வாயை மூடலாம், எப்போது மூடக்கூடாது என்ற கேள்விக்கு நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிற பாடம் இதுதான்.

நான் சட்டத்தரணி அல்ல. சட்ட உதவி தேடிக் கண்டிக்கு வருகிற தோட்டத்து ஆட்களுக்கும் டவுன் ஆட்களுக்கும் சிங்களத்தில் எழுதிய பொலிஸ் முறைப்பாட்டையும் நீதிமன்றத் தாளையும் தமிழில் வாசித்துச் சொல்வது என் வேலை. சட்டம் என்ற சொல்லைத் தினமும் வாயில் வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுவது இது.

திகனவில் நடந்தது

2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்று நடந்தது. சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம்கள் சிலர் கூடி அடித்தார்கள். வைத்தியசாலையில் இருந்த அவர் மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனார். கொடுமையான குற்றம். சந்தேக நபர்கள் கைதாகியும் இருந்தார்கள். அது நீதிமன்றத்தில் தீர வேண்டிய விஷயம்.

ஆனால் மார்ச் 4, 5ஆம் திகதிகளில் கூட்டம் கூடியது. கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. எரிந்த வீடொன்றில் முஸ்லிம் இளைஞர் ஒருவரின் உடலை எடுத்தார்கள். மார்ச் 6 அன்று நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் ஆனது, 2011க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஊரடங்குச் சட்டம் இருந்தும் அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் தாக்குதல் பரவியது.

இதற்கு நடுவே பேஸ்புக்கில் ஒரு காணொளி ஓடியது. இனவாத அமைப்பொன்றின் தலைவர் திகன வீதியில் நடந்துகொண்டே கடைகளைக் காட்டுகிறார். இங்கே எல்லாம் முஸ்லிம்களின் கடைதான், சிங்களவரின் கடையைத் தேடினாலும் கிடைக்கவில்லை என்கிறார். நெருப்பு வைக்கத் தயாராக இருக்கிற ஒரு கூட்டத்துக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்ச் 7ஆம் திகதி பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நிறுவனங்களுக்குப் பணிப்புக் கொடுத்தது. பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் நின்றுபோயின. அந்தக் காணொளிக்காரர் கைதானது மார்ச் 8. முடக்கம் கட்டம் கட்டமாக நீங்கி பேஸ்புக் திரும்பி வரும்போது மார்ச் 15.

அந்த வாரம் நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரியம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். கண்டிக்குத் திரும்ப பஸ் இல்லை. பெரியம்மாவின் மகன் கட்டாரில் வேலை செய்கிறான். ஒவ்வொரு நாளும் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவது அவருடைய வழக்கம். அன்றும் பேசினார். பக்கத்தில் சின்ன மணிக்கூட்டு அடையாளம் மட்டும் நின்றது. ஒரு சரிக்குறிகூட விழவில்லை. திரும்பப் பேசினார், மறுபடியும் மணிக்கூடுதான்.

"ஏன்டா தம்பி, கவர்மெண்டு என் மகன் பேசுறதையும் நிப்பாட்டிருச்சா? அவன் என்னாத்த செஞ்சான்?"

நான் சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்பதாக இல்லை. மறுநாள் இரவில் பக்கத்துக் காம்பிராவில் இருந்து ஒரு பையன் வந்தான், ஓஎல் படிக்கிறவன். போனை வாங்கி, தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் ஒன்றை இறக்கி, பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டான். சரிக்குறிகள் நீலமாயின. மகனின் குரல் வந்தது. கூடவே, எந்தக் குழுவில் இருந்தோ, திகனவில் நடந்ததாகச் சொல்லும் பொய்ச் செய்தியும் இரண்டு காணொளிகளும் வந்து விழுந்தன. மகனின் குரலுக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. வதந்தி ஊரில் எல்லோருடைய வாயிலும் அதற்கு முதல் நாளே இருந்தது.

எழுத்தில் இருக்கிற உரிமை

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும், வெளியிடுதல் உட்பட கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் தருகிறது. 'பிரஜை' என்ற சொல்லில் மலையகத்து ஆள் ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1978இல் இந்த அரசியலமைப்பு வந்தபோதும் நம்மில் பெரும் தொகையினர் பிரஜைகள் அல்லர். அதற்காக 14(2) என்று ஒரு சிறிய வாசகம் சேர்த்தார்கள்: வேறெந்த நாட்டின் பிரஜையும் அல்லாத, இந்த நாட்டில் நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசித்து வரும் ஆட்களுக்கு இந்த உரிமைகள் 10 வருடத்துக்கு உண்டு. பத்தே வருடம். கூட்டத்தில் பேசவும் சங்கத்தில் சேரவும் இருந்த உரிமைக்குக் காலாவதித் திகதி போட்டிருந்த சனம் நாம். அந்த வாசகம் காலாவதியாகிற 1988இல்தான் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்போதும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை, 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. பேச்சுரிமை நகரத்துப் பத்திரிகைக்காரரின் பிரச்சினை என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் நான் இந்த 14(2)ஐத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சரி, உரிமைக்கு எல்லை உண்டா? உண்டு. 15ஆம் உறுப்புரை அந்த எல்லைகளைச் சொல்கிறது. 15(2)இன்படி இன, மத நல்லிணக்கத்துக்காகவும், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, மானநஷ்டம், குற்றமொன்றைச் செய்யத் தூண்டுதல் ஆகியவை தொடர்பாகவும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். 15(7) தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், மற்றவர்களின் உரிமைகள் என்று இன்னும் விரிகிறது. அவசரகால ஒழுங்குவிதிகளையும் அது 'சட்டம்' என்றே கணக்கெடுக்கிறது. இரண்டிலும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்: கட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். அமைச்சர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு சட்டமாகாது.

ஆனால் அந்த உறுப்புரையில் இல்லாத ஒரு சொல்லும் இருக்கிறது. 'அவசியம்' என்ற சொல். இலங்கை 1980இல் சேர்ந்துகொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் 19(3)இல் அது இருக்கிறது. மற்றவர்களின் உரிமையையும் நற்பெயரையும் காப்பதற்கு, அல்லது தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்காக, சட்டத்தில் எழுதப்பட்ட, அவசியமான கட்டுப்பாடு மட்டுமே செல்லும் என்பது அதன் சாரம். ஆகவே எந்தத் தடையைப் பார்த்தாலும் கேட்க வேண்டியவை மூன்று. முன்கூட்டியே எழுதிய, ஆள் வாசித்து விளங்கக்கூடிய சட்டம் எது? எதைக் காப்பதற்கு? இதைவிடக் குறைந்த ஒன்றால் அதைக் காத்திருக்க முடியாதா?

மூன்றாவது கேள்வியில்தான் அரசாங்கங்கள் வழுக்கி விழும். நம் நீதிமன்றமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. 1987இல் யோசப் பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கு வந்தது. கூட்டமொன்றுக்காகச் சிலாபத்தில் துண்டுப்பிரசுரம் விநியோகித்தவர்கள் பிடிபட்டார்கள். பொலிஸ் அனுமதி இல்லாமல் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கூடாது என்று அவசரகால ஒழுங்குவிதி ஒன்று அப்போது இருந்தது. அந்த ஒழுங்குவிதியே செல்லாது என்றது உயர் நீதிமன்றம். எந்த அளவுகோலும் இல்லாமல் ஓர் அதிகாரியின் விருப்பத்துக்குப் பேச்சை விட்டுவிட முடியாது, தடைக்கும் அது தடுக்கப்போகும் தீங்குக்கும் இடையில் நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் உயிர். அவசரகாலத்திலும் அப்படித்தான்.

இன்னொரு வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 1992 ஜூலை 1 அன்று எதிர்க்கட்சிகள் 'ஜனகோஷா' என்று ஒன்றுக்கு அழைப்பு விடுத்தன. நண்பகலில் 15 நிமிடம் மணியடித்து, ஹோர்ன் அடித்து, சட்டி பானையைத் தட்டி அரசாங்கத்துக்கு எதிர்ப்புக் காட்ட வேண்டும். மேளம் தட்டிய ஒருவரைப் பொலிஸ் தடுத்து மேளத்தைப் பறித்தது. மேளச் சத்தமும் கருத்து வெளிப்பாடுதான் என்று 1993இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். அமைதியான நியாயமான எதிர்ப்பை இன்று அமுக்கினால் அது இன்னொரு நாள் பெரும் வன்முறையாக வெடிக்கும் என்றும் எழுதினார். தப்பும் பறையும் அடித்துத் துக்கமும் சந்தோஷமும் சொல்லும் நம் மலையகத்துக்கு அந்தத் தீர்ப்பை விளங்கப்படுத்த அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

அளந்து பார்த்தால்

இப்போது திகனவுக்குத் திரும்புவோம். நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆட்களின் உயிரும் வீடும் எரிந்துகொண்டிருந்தன. பொது ஒழுங்கு, மற்றவர்களின் உரிமை, இன நல்லிணக்கம் மூன்றும் அங்கே ஆபத்தில் இருந்தன. இந்த நிலையில் அரசாங்கம் பேச்சில் கை வைக்கலாமா என்று கேட்டால் கட்டாயம் வைக்கலாம் என்பேன். வைக்காமல் இருந்திருந்தால்தான் பிழை. அதே சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, பாகுபாட்டுக்கும் பகைமைக்கும் வன்முறைக்கும் தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைச் சட்டத்தால் தடைசெய்ய வேண்டும் என்று அரசுகளுக்குக் கட்டளையே இடுகிறது.

சட்டம் எது என்ற கேள்வியில் பதில் மங்கலாகிறது. பெரியம்மாவின் போனில் வந்ததெல்லாம் மணிக்கூட்டு அடையாளம் மட்டுமே. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், யார், எதுவரைக்கும் நிறுத்தியிருக்கிறார் என்று ஒரு வரி வரவில்லை. முடக்கத்தை எதிர்த்து மனுப் போட நினைக்கிறவருக்கு ஒரு மாதமே அவகாசம், உயர் நீதிமன்றத்துக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் அதற்குள் போயாக வேண்டும். எதிர்க்க வேண்டிய கட்டளை கையில் இல்லாதவர் எதை எதிர்ப்பது?

அவசியம் என்ற கேள்வியில் முடக்கம் தோற்றே போகிறது. ஐநா மனித உரிமைகள் குழு 2011இல் வெளியிட்ட 34ஆம் பொதுக் கருத்துரையில் இதை நேராகவே சொல்லியிருக்கிறது: இணையத்தின் மீதான தடை குறிப்பிட்ட உள்ளடக்கத்தைக் குறிவைத்ததாக இருக்க வேண்டும், தளத்தையே ஒட்டுமொத்தமாக மூடுவது 19(3)உடன் ஒத்துப்போகாது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் இதே மாதிரியான ஒரு வழக்கில் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே ஒரு பக்கத்தை மறைப்பதற்காகக் கூகுள் சைட்ஸ் முழுவதையும் மறைத்தார்கள், சம்பந்தமில்லாத ஒரு மாணவரின் ஆய்வுப் பக்கமும் சேர்ந்து மறைந்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அந்த மாணவருக்கும் லயத்து வாசலில் இருந்த பெரியம்மாவுக்கும் நடந்தது ஒன்றுதான்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது என் மனத்தில் ஒரு முகம் வந்து நிற்கிறது. கடை எரிந்துபோன ஒரு முஸ்லிம் வியாபாரி. நட்டஈட்டுப் படிவம் வாசிக்கச் சொல்லி வந்தவர். பேச்சுரிமை என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கியதும் குறுக்கே கேட்டார்: "மூணு நாளைக்கு முந்தியே அந்த பேஸ்புக்க மூடியிருந்தா என்ட கடை மிஞ்சியிருக்குமே, தம்பி?"

அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையல்ல. கூட்டம் தீப்பந்தத்தோடு வீதியில் நிற்கும் அந்த மணித்தியாலங்களில், அந்தப் பிரதேசத்துக்குள், காலம் குறித்து, காரணம் சொல்லி ஒரு தடை போட்டிருந்தால் நான் அதை ஏற்றிருப்பேன். ஆனால் நடந்தது வேறு. திகனவில் தீ வைத்து முடிந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் அம்பாறையில் இருப்பவருக்கும் சேர்த்து, ஒரு வாரத்துக்கு மேல் மூடினார்கள். அவர் கேட்டதற்கு என் பதில் இதுதான்: மூன்று நாளைக்கு முந்தி மூட வேண்டியது அந்தக் காணொளிக்காரரின் வாயை. அதற்குரிய சட்டம் 10 வருடத்துக்கு மேலாக அலமாரியில் இருந்தது.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்குவதாகச் சொல்லி வந்தது. அதன் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் விதமாகத் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. 10 வருடம் வரை சிறை. ஒரு பேச்சு அந்த எல்லையைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க 2012இல் ஐநா வழியாக வந்த ரபாத் செயற்திட்டம் ஆறு விஷயங்களைத் தந்தது: சூழல், பேசுகிறவரின் நிலை, அவருடைய நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், அது எவ்வளவு தூரம் போகிறது, தீங்கு உடனே நிகழும் சாத்தியம். திகனக் காணொளியை இதில் வைத்துப் பாருங்கள். ஒரு மரணத்தால் கொதித்துக் கிடக்கும் ஊர், பின்னால் ஆள் சேர்த்து வைத்திருக்கும் தலைவர், கடைகளைக் காட்டும் விரல், பேஸ்புக், கைக்கெட்டும் தூரத்தில் கூட்டம். எந்த விஷயத்தில் சந்தேகம் வருகிறது? பிடிக்க வேண்டிய ஆளை நாட்டை முடக்கியதற்கு மறுநாள் பிடித்தார்கள்.

பேஸ்புக் நிறுவனத்தையும் விட முடியாது. 2014லேயே கொழும்பில் உள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் சிங்களத்தில் ஓடும் வெறுப்புப் பேச்சை ஆராய்ந்து எச்சரித்திருந்தது. புகார் கொடுத்தவர்களுக்கு, இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. திகனவில் தன் தளம் பயன்பட்ட விதத்துக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

ஹசலகவில் நடந்தது

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல். நாடே துடித்தது. சமூக ஊடகங்களை மறுபடி மூடினார்கள், திறந்தார்கள், மே மாதம் குருநாகல், கம்பஹாப் பக்கம் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது திரும்பவும் மூடினார்கள். முஸ்லிம் பெண்கள் வெளியில் போகவே பயந்த நாட்கள் அவை.

மே 17ஆம் திகதி ஹசலகவில் ஒரு பெண்ணைப் பொலிஸார் கைது செய்தார்கள். அவர் உடுத்தியிருந்த நீண்ட அங்கியில் அச்சிட்டிருந்தது பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று குற்றம் சாட்டினார்கள். அது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரம் என்றார் அவர். சுக்கான் சக்கரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் இருந்து புறப்படும் ஆரைகள் வட்டத்தோடு நிற்காமல் வெளியே கைப்பிடிகளாக நீட்டிக்கொண்டிருக்கும், மாலுமி பிடிப்பதற்காக. அந்தக் கைப்பிடிகளைப் பார்த்தாவது, அவர் சொல்வது உண்மையா என்று விசாரித்திருக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்திருந்தால் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

ஆனால் அவர்மேல் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பாய்ந்தது. திகனக் காணொளிக்கு வேளையோடு வராத அதே பிரிவுதான். அதில் பிணை மேல் நீதிமன்றத்தில்தான், அதுவும் விசேட சந்தர்ப்பங்களில் மட்டும். மஹியங்கனை நீதவான் அவரை விளக்கமறியலில் வைத்தார். ஜூன் 3ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. 17 நாள்.

தர்மச்சக்கரமாகவே இருந்தாலும் என்ன? 3ஆம் பிரிவு கேட்பது அவமதிப்பை அல்ல, வெறுப்பைப் பரப்புவதை. அந்த வெறுப்பும் சும்மா இருந்தால் போதாது, மற்றவர்களைப் பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்ட வேண்டும். சந்தைக்கு வந்த துணியில் யாரோ அச்சடித்த ஒரு சக்கரம் யாரை யாருக்கு எதிராகத் தூண்டியது? ரபாத்தின் ஆறு விஷயங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. அவர் எதையும் வெளிப்படுத்தக்கூட முயலவில்லை. உடுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

இதற்கு வேர் அந்தச் சட்டத்தை எழுதிய விதத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 20ஆம் உறுப்புரையின் தடையைக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் உறுப்புரையின் கருத்துச் சுதந்திரத்தை அதற்குள் கொண்டுவரவில்லை. அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் சமவாயத்தில் 19, 20 இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. 20இன் பேரில் போடும் தடையும் 19(3)இன் அவசியச் சோதனையில் தேற வேண்டும் என்று அதே 34ஆம் பொதுக் கருத்துரை சொல்கிறது. பொலிஸ் நிலையத்தில் இருக்கும் ஒருவர் 3ஆம் பிரிவை மட்டும் வாசித்தால் அந்தச் சோதனை அவர் கண்ணில் படாது. கையில் கிடைப்பது, பிணை கொடுக்காமல் உள்ளே வைக்கக்கூடிய ஒரு கைது அதிகாரம். 2019இல் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு இதே பிரிவின் எல்லை எது என்று விளக்கி பதில் பொலிஸ் மாஅதிபருக்கு எழுத வேண்டி வந்தது.

அந்தப் பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது: அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது, அப்போதைய பொலிஸ் பொறுப்பதிகாரி நட்டஈடு கொடுக்க வேண்டும். நாலரை வருடம் கழித்து வந்தாலும் நான் அந்தத் தீர்ப்பைப் பெரிதாக மதிக்கிறேன். சட்டத்தின் பெயரால் கை நீட்டியவரிடம் அந்தச் சட்டத்தை ஒழுங்காக வாசித்தாயா என்று ஒரு நீதிமன்றம் கேட்டது அது.

அதற்குப் பிறகு

2022 ஏப்ரல் 3இலும் இதே பூட்டு விழுந்தது. இந்த முறை கலவரம் இல்லை, எரிவாயு வரிசையிலும் மின்வெட்டிலும் வெந்துபோன சனம் அரசாங்கத்துக்கு எதிராக வீதிக்கு வரப்போகிறது என்ற பயம். சுமார் 15 மணித்தியாலத்தில் திறக்க வேண்டியதாயிற்று. மனித உரிமைகள் ஆணைக்குழு எந்த அதிகாரத்தில் மூடினீர்கள் என்று கேட்டது. திகனவில் நோக்கமாவது நியாயமாக இருந்தது, இங்கே அதுவும் இல்லை. 2018இல் கேள்வி கேட்காமல் விட்டதன் பலன் இது என்பது என் எண்ணம்.

இணையப் பேச்சுக்கென்று 2024இல் கொண்டுவந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. எது பொய்யான கூற்று, எதை நீக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. சட்டமூலமாக இருந்தபோதே பல பிரிவுகளைத் திருத்தச் சொன்னது உயர் நீதிமன்றம். இங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு. 80(3)ஆம் உறுப்புரையின்படி சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. அவசரகால ஒழுங்குவிதியை யோசப் பெரேரா வழக்கில் தள்ளியது மாதிரி இதைத் தள்ள முடியாது. ஒவ்வொரு கைதாக, ஒவ்வொரு கட்டளையாகப் பிடித்துத்தான் வழக்காட வேண்டும். ஹசலகவில் அப்படித்தான் நடந்தது.

2019 ஜூன் மாதம் கண்டி டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் அக்கா பையொன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளே ஜன்னல் திரைச்சீலை. வெள்ளைத் துணியில் வட்ட வட்டமாக ஊதாப் பூக்கள். மேசையில் விரித்து, விரலால் தொட்டு ஒவ்வொரு இதழாக எண்ணிக் காட்டினார். எட்டு.

"இது பரவாயில்லையா தம்பி? ரோட்டுப் பக்கத்து ஜன்னல். பார்க்கிறவங்க என்னத்தயாவது நினைச்சா?"

பரவாயில்லை என்றேன். சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது என்றேன். அந்த மாதம் சட்டப்படி என்ற சொல்லுக்கு என் வாயில் பலம் இருக்கவில்லை, அவருக்கும் அது தெரிந்தது. மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீர்ப்பு வந்த செய்தியை வாசித்ததும் முதலில் அவருக்குத்தான் கோல் எடுத்தேன். முழுவதும் சொன்னேன். சந்தோஷப்பட்டார், அந்தப் பெண்ணுக்காக துஆ செய்வதாகச் சொன்னார். அந்தத் திரைச்சீலை இருக்கிறதா, திரும்பப் போடலாமே என்று கேட்டேன்.

"அத அப்பவே கிழிச்சி அடுப்படித் துணியாக்கிட்டேன் தம்பி."